தண்ணீர் விரதம்: முதல்முறை இருப்பவர்கள் அதற்கு முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

5 நாள் வெறும் தண்ணீர் குடித்து 5 கிலோ குறைத்தேன் என்று ஒருவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எடை மெஷின் அப்படித்தான் காட்டும். ஆனால் அந்த 5 கிலோவில் கொழுப்பு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 2,000 கலோரி செலவாகும் ஒருவர் 5 நாள் ஒன்றும் சாப்பிடாவிட்டால் பற்றாக்குறை 10,000 கலோரி. அத்தனையும் கொழுப்பிலிருந்தே வந்தாலும் கரைவது 1.3 கிலோதான். உண்மையில் தசையிலிருந்தும் ஒரு பங்கு கரைவதால் கொழுப்பு இன்னும் குறைவாகவே போகும். மீதியெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு சுமார் 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். விரதத்தில் அது தீரத் தீர அந்தத் தண்ணீரும் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியே தள்ளுகிறது, உப்போடு இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகிறது. திரும்பச் சாப்பிட்டதும் இவை எல்லாம் திரும்பி வந்துவிடும்.

இதனால்தான், எடைக்காக மட்டும் என்றால் 5 நாள், 7 நாள் தண்ணீர் விரதத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இருந்தாலும் முடிவெடுத்துவிட்டுத் தேடி வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் தயாரிப்பில்லாமல் இறங்கிவிடக் கூடாது என்ற கவலையில் எழுதுகிறேன். விரதம் நடக்கும் நாட்களைவிட அதற்கு முந்தைய இரண்டு வாரத்திலும், அதை முடித்த பிறகு வரும் நாட்களிலும்தான் வேலை அதிகம்.

படி 1: நீங்கள் இருக்கலாமா?

இதில் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், சிறுநீரகம், கல்லீரல், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 18.5-க்குக் கீழே இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கௌட் எனும் மூட்டுவாதம் வந்தவர்களுக்கும் ஆபத்து உண்டு. விரதத்தில் கொழுப்பு கரையும்போது உருவாகும் கீட்டோன்கள், இந்த மூட்டுவாதத்துக்குக் காரணமான யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறுவதைத் தடுக்கும், ரத்தத்தில் அது ஏறிவிடும். வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும். ஏற்கெனவே கல் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு உங்களுக்குச் சண்டை இருந்ததுண்டா? பட்டினி கிடப்பது, பிறகு கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, எடை எண்ணைப் பார்த்தே அன்றைய மனநிலை அமைவது என்று இப்போதோ முன்பு எப்போதோ இருந்திருந்தால், விரதம் அந்தக் கதவை மறுபடி திறந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடமோ மனநல மருத்துவரிடமோ அதைப் பேசுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 2: மருத்துவரும் மாத்திரையும்

ஒன்றரை நாளுக்கு மேல் இருக்க நினைத்தால் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் வேண்டாம். சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட், கிரியேட்டினின், யூரிக் அமிலம், சர்க்கரை ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனையும் ஒரு இசிஜியும் எடுக்கச் சொல்வார்கள். தொடங்கும்போதே பொட்டாசியம் குறைவாக இருந்தால் விரதம் அதை இன்னும் இறக்கும். இதயத் துடிப்பு அதனால் தடுமாறலாம். எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்ற உணர்வை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். இன்சுலினும் கிளிமெபிரைடு போன்ற சுகர் மாத்திரைகளும் உணவில்லாத வயிற்றில் சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சுகர் மாத்திரைகளின் சிக்கல் வேறு மாதிரி. சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும், குளுக்கோமீட்டரை நம்பி ஏமாறுவோம். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, மனநிலைக் கோளாறுக்குத் தரும் லித்தியம், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை எல்லாமே அளவு மாற்றம் தேவைப்படுபவை. நீங்களாக நிறுத்துவதும் தவறு, அப்படியே தொடர்வதும் தவறு. வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் அதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கஸ் பார்பியேரி 1965-66-இல் 382 நாள் உணவில்லாமல் இருந்து 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தார். உண்மைதான். ஆனால் அவர் டண்டீ நகர மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தவர். வைட்டமின்களும் சோடியமும் பொட்டாசியமும் கொடுத்தார்கள், அடிக்கடி ரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள். அதே காலத்தில் மருத்துவமனையிலேயே இப்படி நீண்ட பட்டினிச் சிகிச்சை எடுத்தவர்களில் சிலர் இறந்தும் போனார்கள். பார்பியேரியின் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படி 3: எத்தனை நாள்?

முதல்முறையே நீண்ட விரதம் கூடாது. இரவு உணவை முன்னதாக முடித்து 14 மணி நேரம் இருந்து பாருங்கள். அதை இரண்டு வாரம் பழகிய பிறகு ஒரு 24 மணி நேரம். ஒரு மாத இடைவெளிக்குப் பின் 36 மணி நேரம். ஒவ்வொன்றிலும் தூக்கம், தலைவலி, எரிச்சல், அடுத்த நாள் சாப்பாட்டில் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். 24 மணி நேர விரதம் முடிந்ததும் கண்மண் தெரியாமல் சாப்பிட்டிருந்தால் 72 மணி நேரம் உங்களுக்கு ஒத்துவராது என்று எடுத்துக்கொள்ளலாம். பலருக்கும் இந்த 14 மணி நேரப் பழக்கமே போதும் என்பது என் எண்ணம்.

படி 4: முந்தைய வாரம்

காபி, டீ குடிப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலையைப் பிளக்கும் வலி வரும். பசியால் வந்தது என்று தவறாக நினைப்போம். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே அரைக் கோப்பையாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மது அறவே வேண்டாம். இனிப்பையும் பாக்கெட் தீனியையும் குறைத்து, காய்கறி, பருப்பு, முட்டை என்று சத்தான உணவுக்கு மாறுங்கள். நாளை முதல் விரதம் என்று முந்தின இரவு விருந்து சாப்பிடுவது பலர் செய்யும் தவறு. அஜீரணம்தான் மிச்சம்.

நாட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வண்டி ஓட்ட வேண்டியிருக்கிற, உயரத்தில் ஏற வேண்டியிருக்கிற, முக்கியமான தேர்வோ கூட்டமோ இருக்கிற நாட்களில் வைக்காதீர்கள். ஜிம், கொதிக்கும் வெந்நீர்க் குளியல் இரண்டுக்கும் விடுமுறை.

படி 5: தண்ணீரும் உப்பும்

தாகத்தைக் கேட்டு, நாள் முழுக்கப் பரவலாக 2 முதல் 2.5 லிட்டர். பசி வரும்போதெல்லாம் ஒரு பாட்டிலை மடமடவென்று காலி செய்யாதீர்கள். உணவிலிருந்து உப்பு வராத நேரத்தில் அளவுக்கு மீறிக் குடிக்கும் தண்ணீர் ரத்தத்தின் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்யும். குமட்டல், குழப்பம், வலிப்பு வரை போகலாம். உப்பு எவ்வளவு சேர்க்கலாம் என்பதை உங்கள் பிரஷரை அறிந்த மருத்துவர் சொல்லட்டும். பொட்டாசியம் தூளைக் கடையில் வாங்கி நீங்களே கலக்கிக் குடிக்கும் வேலை மட்டும் வேண்டாம். குறைந்தாலும் கூடினாலும் இதயத்தைத்தான் பாதிக்கும்.

படி 6: ஒரு ஆள், ஒரு தாள்

தனியாக இருக்கும் வீட்டில் விரதம் இருக்காதீர்கள். கூட இருப்பவரிடம் என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது நிறுத்த வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். ஒரு தாளில் இவற்றை உங்கள் கையால் எழுதி ஒட்டுங்கள்: மயக்கம் அல்லது விழுதல், நெஞ்சுவலி, நெஞ்சு படபடப்பு, மூச்சுத்திணறல், பேச்சில் குழறல், குழப்பம், நிற்காத வாந்தி, சிறுநீர் மிகக் குறைவது, தசை இழுத்துப் பிடிப்பது. இதில் எது வந்தாலும் அன்றோடு விரதம் முடிந்தது. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், குழப்பம் என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு.

கையால் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நான் 3 நாள் திட்டமிட்டிருந்தேன். இரண்டாம் நாள் இரவு 2 மணி இருக்கும், கழிவறைக்குப் போகச் சட்டென்று எழுந்தேன். வாஷ்பேசின் ஓரத்தைப் பிடித்தது நினைவிருக்கிறது. கண்ணுக்கு முன்னால் சாம்பல் நிறம் படர்ந்தது, அடுத்த நினைவு தரையின் குளிர்ச்சி. மக் விழுந்த சத்தத்தில் அக்கா ஓடி வந்தாள். "என்னடா ஆச்சு?" ஒன்றுமில்லை, வேகமாக எழுந்துவிட்டேன், அவ்வளவுதான், இன்னும் ஒரு நாள்தானே என்று நான் வாதாடினேன். அவள் பதில் பேசவில்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக் கொண்டுவந்து என் கையெழுத்தில் இருந்த முதல் வரியைக் காட்டினாள். அந்த நேரத்தில் என் மூளை சொன்னதை நம்பியிருந்தால் தொடர்ந்திருப்பேன். நல்ல நிலையில் இருக்கும்போது எழுதிவைத்த என் சொல்லைத்தான் அவள் எனக்கு நினைவூட்டினாள்.

அன்று நடந்தது ரத்த அழுத்தச் சரிவு. படுத்திருந்து எழும்போது முதலில் உட்காருங்கள், ஒரு நிமிடம் கால்களை ஆட்டுங்கள், பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் படுத்தபடி ஒருமுறை, நின்று ஓரிரு நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் நிறுத்த வேண்டிய நேரம்.

படி 7: முடிக்கும் உணவைத் தொடங்கும் முன்பே வாங்கிவையுங்கள்

நீண்ட விரதத்தில் உயிருக்கே ஆபத்தான கட்டம் இதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட, பட்டினி கிடந்த கைதிகளில் பலர் வயிறார உணவு கிடைத்த பிறகு நோயுற்றார்கள், இறந்தார்கள். இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். நீண்ட பட்டினிக்குப் பின் மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் திடீரென்று ஏறும். செல்கள் ரத்தத்திலிருந்து பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியத்தை அவசரமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே குறைந்துபோன கையிருப்பு ரத்தத்தில் அதலபாதாளத்துக்குப் போகும். இதயமும் மூச்சுத் தசைகளும் தடுமாறும். வைட்டமின் பி1 தீர்ந்திருந்தால் மூளையும் பாதிக்கப்படும்.

5 நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றும் சாப்பிடாதவர்களை மருத்துவர்கள் இந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். 10 நாள் தாண்டினால் அதிக ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவமனையில் முதலில் பி1 கொடுத்துவிட்டு, ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 கலோரி அளவில் தொடங்கி, தினமும் ரத்தம் பார்த்து ஏற்றுவார்கள். 60 கிலோ இருப்பவருக்கு அது 600 கலோரிதான். வீட்டில் ஒருவர் தானாகச் செய்துகொள்ளக் கூடிய காரியம் அல்ல இது.

24 அல்லது 36 மணி நேரம் என்றால் இவ்வளவு கவலை இல்லை. வழக்கமான சாப்பாட்டில் பாதி அளவு, மெதுவாக மென்று. மருத்துவர் பார்வையில் 3 நாள் இருந்தவர்கள் அடுத்த இரண்டு நாளைப் பழைய நிலைக்குத் திரும்புவதற்கென்றே ஒதுக்குங்கள்: தெளிவான சூப், வேகவைத்த காய், தயிர், ஒரு முட்டை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. பழச்சாறோடு முடிப்பது நல்லது என்ற பேச்சு எங்கும் இருக்கிறது. இனிப்பான சாற்றை வெறும் வயிற்றில் ஊற்றுவது இன்சுலினைத் திடுமென்று ஏற்றும் வழி, தவிர்த்துவிடுங்கள். இந்த இரண்டு நாளில் காலோ பாதமோ வீங்கினால், மூச்சு வாங்கினால், நெஞ்சு படபடத்தால், உடல் தளர்ந்துபோனால், விரதம்தான் முடிந்துவிட்டதே என்று இருந்துவிடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சாப்பிடத் தொடங்கிய மூன்றாம் நாள் எடை மெஷினில் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறியிருக்கும். பதற வேண்டாம், அந்தப் பதற்றத்தில் உடனே அடுத்த விரதத்தையும் தொடங்க வேண்டாம். கிளைக்கோஜன் தன் தண்ணீரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். இரண்டு வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டு, காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். விரதத்துக்கு முந்தைய நாள் நோட்டில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் அதை எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, பட்டபாட்டுக்கு இது ஈடா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.