ஒரு முள்ளை வைத்து நோயெதிர்ப்பு மண்டலத்தைப் படிக்கலாம்

ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். செல்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். எது எப்போது வருகிறது என்பது பிடிபட்டால் பெயர்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். குறுக்கே ஒரு கோடு போட்டு நிமிடம், மணி, நாள், வருடம் என்று நான்காகப் பிரியுங்கள்.

படி 1: கோடு தொடங்கும் இடத்தில் 'தோல்' என்று எழுதுங்கள். பெரும்பாலான கிருமிகள் இதைத் தாண்டுவதே இல்லை. இப்போது காலில் முள் குத்தியதாக வைத்துக்கொள்வோம்.

படி 2, நிமிடம்: தோலுக்கு அடியில் ஏற்கெனவே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் கிருமிகளை விழுங்கத் தொடங்கும். அங்கேயே இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளிவிட, ரத்தக்குழாய்கள் விரியும். அந்த இடம் சிவந்து வீங்குவது இதனால்தான். (செல்கள் இப்படி விழுங்கிக் காப்பதை 1882இல் ரஷ்ய உயிரியலாளர் மெச்னிகோவ் கண்டுகொண்டதும் முள்ளால்தான்! நட்சத்திரமீனின் கண்ணாடி போன்ற இளம்புழுவில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் செல்கள் அதைச் சூழ்ந்து நின்றன.)

படி 3, மணி: ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து குவியும். சண்டையிட்டு மடிந்த இவைதான் சீழில் பெரும்பகுதி.

படி 4, நாள்: இந்தக் கட்டத்தைப் பெரிதாக வரையுங்கள், விஷயமே இங்கேதான். தோலில் காவல் இருக்கும் டென்ட்ரிடிக் செல் கிருமியின் துணுக்கை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போகும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அது இதுதான். அங்கே டி செல்கள், பி செல்கள் என்ற இரண்டு வகை வெள்ளணுக்கள் கோடிக்கணக்கில் வந்துபோகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வடிவம்தான் அடையாளம் தெரியும். கிருமியைப் பூட்டு என்றும் இந்தச் செல்களைச் சாவி என்றும் வைத்துக்கொண்டால், கிருமியைப் பார்த்த பிறகு உடல் சாவி செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, பூட்டு வருவதற்கு முன்பே சாவிகள் தயார். பொருந்துகிற சாவிதான் பெருகுகிறது. அதற்குத்தான் ஒரு வாரம்போல ஆகிறது. அப்புறம் பி செல்களின் வாரிசுகள், கிருமியில் ஒட்டிக்கொள்ளும் புரதங்களான ஆன்டிபாடிகளைச் சுரக்கும். டி செல்களில் ஒரு வகை மற்றவற்றைத் தூண்டிவிடும், இன்னொரு வகை வைரஸ் புகுந்த செல்களைக் கொல்லும்.

படி 5, வருடம்: வேலை முடிந்ததும் பெரும்பாலானவை இறந்துவிடும், சில மட்டும் நினைவுச் செல்களாகத் தங்கும். வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் 1781இல் தட்டம்மை பரவியது. அடுத்து வந்தது 1846இல். 65 ஆண்டுகளுக்கு முன் அம்மை கண்ட முதியவர்களை அது மறுபடி தொடவில்லை. நோயைப் படாமலேயே உடலை இந்தக் கட்டத்துக்குக் கொண்டுவருவது தடுப்பூசி.

சரி, தாளைக் கவிழ்த்துவிட்டு, அதே கிருமி இரண்டாம் முறை வந்தால் எந்தக் கட்டம் சுருங்கும் என்று வரைந்து பாருங்கள்.