ரிவெர்ப் பெடல்களை ஒப்பிடுவது எப்படி: மலையூரில் மின்கித்தார் பழகுவோருக்கு ஒரு செய்முறை

குன்னூரிலோ கோத்தகிரியிலோ மின்கித்தார் பழகும் ஒருவர் ரிவெர்ப் பெடல் (கித்தாரின் ஒலியோடு ஓர் அறையின் முழக்கத்தைச் சேர்க்கும், காலால் இயக்கும் சிறு கருவி) வாங்க விரும்பினால், கீழே கோவைக்கு இறங்கிக் கடையில் வாசித்துப் பார்க்க வேண்டும். அல்லது இணையத்தில் இரண்டைத் தருவித்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டிலும் நேரம் குறைவு என்பதால், அந்த நேரத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதை முன்பே அறிந்திருப்பது நல்லது. ஒலி தொடங்கும் கணத்தில் பெரும்பாலான பெடல்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கின்றன. அவற்றின் தரமும் குணமும் வெளிப்படுவது ஒலி தேய்ந்து அடங்கும் இடத்தில்தான். இந்தச் செய்முறை முழுவதும் அந்த இடத்தைத் தெளிவாகக் கேட்பதற்கான ஏற்பாடே.

முதல் படி: வகைகளைக் காதுக்குப் பழக்குதல்

எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு என்று பள்ளியில் படித்திருப்போம். ஒலி திரும்பி வர 0.1 நொடியாவது ஆனால்தான் அது தனியொலியாகக் கேட்கும். அதற்குத் தடுப்பு ஏறத்தாழ 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பள்ளத்தாக்கின் எதிர்ப்பாறை 170 மீட்டர் தொலைவில் இருந்தால், நாம் எழுப்பிய குரல் ஒரு நொடி கழித்து அப்படியே திரும்பி வரும். அந்த வேலையைச் செய்வது டிலே பெடல். சுவர், கூரை, தரை எனப் பல பரப்புகளில் பட்டு மிக நெருக்கமாகத் திரும்பும் ஆயிரக்கணக்கான ஒலிகள் ஒன்றாகக் கலந்து தேய்வதே எதிர்முழக்கம். ரிவெர்ப் பெடல் உருவாக்குவது இதை.

ரிவெர்ப் பெடல்கள் தரும் முழக்கத்தில் பல வகைகள் உண்டு. கம்பிச்சுருள் வழியே முழக்கம் எழுப்பும் ஸ்பிரிங் வகையின் தோற்றம் ஹம்மண்ட் ஆர்கன்களில் இருக்கிறது. ஃபெண்டர் நிறுவனம் 1961-இல் அதைத் தனிப்பெட்டியாக விற்றது. 1963 முதல் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே பொருத்தத் தொடங்கியது. கம்பிச்சுருளில் எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. அதனால்தான் தந்தியைச் சட்டென்று தட்டும்போது நீர் சொட்டுவது போன்ற ஓர் ஓசை எழுகிறது. பிளேட் வகைக்கு முன்மாதிரி, 1957-இல் ஜெர்மனியில் வந்த இ.எம்.டி. 140 என்னும் கருவி. சட்டத்தில் தொங்கும் மெல்லிய எஃகுத் தகடு அதிர்ந்து ஒலி தரும். மொத்த எடை ஏறத்தாழ 270 கிலோ. தகட்டுக்கு அறையின் வடிவம் கிடையாது என்பதால் அதன் முழக்கம் தொடக்கத்திலேயே அடர்த்தியாக எழும். ஹால் வகையோ மெல்ல எழுந்து நெடுநேரம் நீடிக்கும். அதை அறிய எளிய வழி, வழிபாடு இல்லாத நேரத்தில் அனுமதி பெற்று, உயரமான கூரை கொண்ட ஒரு தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்று ஒருமுறை கைதட்டிக் கேட்பது. நம் மலையில் அத்தகைய பழைய கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. ரூம் என்பது சிறிய அறையின் முழக்கம். ஷிம்மர் வகையில், தேயும் ஒலியோடு ஒரு ஸ்தாயி மேலான ஒலி தொடர்ந்து சேர்க்கப்படும். இயற்கையில் எந்த அறையும் அப்படி ஒலிக்காது. முதல் பெடலை ஷிம்மரை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கேட்டவுடன் மயக்கும் அந்த ஒலியைப் பாட்டுக்குள் அடிக்கடி பயன்படுத்த முடியாது.

இரண்டாம் படி: அறையும் இணைப்பும்

தகரக் கூரை வீடாக இருந்தால் மழை பெய்யும்போது இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள். மழையின் இரைச்சல் முதலில் மூடுவது நாம் கேட்க வேண்டிய தேய்மானத்தைத்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாவிட்டால், ஆம்ப்ளிஃபயரின் ஹெட்ஃபோன் துளை வழியாகக் கேட்பது நல்லது. அந்த ஆம்ப்ளிஃபயரில் ரிவெர்ப் இருந்தால் அதை முற்றிலும் அணைத்துவிடுங்கள்.

கித்தாரை அடுத்து டியூனர், பிறகு ஓவர்டிரைவ் (ஒலியைச் சிதைத்துக் கரடுமுரடாக்கும் பெடல்), அதன்பின் லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெடல்), இறுதியாக ரிவெர்ப் என்ற வரிசையில் இணையுங்கள். லூப்பர் ரிவெர்புக்கு முன்னால் வருவது முக்கியம்: ஒரு சிறு தொடரை ஒருமுறை வாசித்துப் பதிந்துவிட்டால், அதே வாசிப்பு இரண்டு பெடல்கள் வழியாகவும் மாற்றமின்றிச் செல்லும், கை மாறியதால் ஒலி மாறியதா என்ற ஐயமே எழாது. இரண்டையும் அடுத்தடுத்து இணைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இயக்குங்கள். லூப்பர் இல்லாதவர்கள் மிக எளிய ஒரு தொடரை மெதுவாக, ஒரே அழுத்தத்தில் வாசிக்கலாம்.

மூன்றாம் படி: சமப்படுத்துதல்

பலர் தவிர்த்துவிடும் படி இது. ஆனால் ஒப்பீட்டின் உயிரே இதில் இருக்கிறது. இரண்டு ஒலிகளில் சற்று உரத்து வருவதையே நம் காது நல்லதென்று எண்ணிக்கொள்ளும். மேலும், இரண்டு பெடல்களின் குமிழ்களையும் நடுவில் வைத்தால் இரண்டும் ஒரே அளவில் இருப்பதாகப் பொருளில்லை. பாஸ் (Boss) நிறுவனத்தின் ஆர்.வி.-6 பெடலில் முழக்கத்தின் அளவு, டோன், நேரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குமிழ்கள் உண்டு. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் ஹோலி கிரெயில் நானோ பெடலில் ஒரே குமிழ்தான். குமிழைப் பார்க்காமல் விளைவை அளக்க வேண்டும்.

ஒரு கார்டை (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டு) குறுக வாசித்து, உடனே உள்ளங்கையால் தந்திகளை அடக்குங்கள். முழக்கம் காதுக்கு மறையும் வரை கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தில் அளந்து, இரண்டு பெடல்களையும் ஏறத்தாழ 2 நொடிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மிக்ஸ் அல்லது லெவல் குமிழை மாற்றி, நேரடி ஒலிக்கும் முழக்கத்துக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஒத்திருக்கச் செய்யுங்கள். முன்தாமதத்தை (நேரடி ஒலிக்கும் முழக்கம் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி) மாற்றும் வசதி இருந்தால் அதையும் ஒரே அளவில் வையுங்கள். 20 மில்லிநொடி என்பது ஒலி ஏறத்தாழ 7 மீட்டர் பயணம் செய்யும் நேரம். அதாவது மூன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்புவதற்குச் சமம். இந்த இடைவெளி இருந்தால் தந்தியை மீட்டிய ஒலி முழக்கத்தில் மூழ்காமல் தெளிவாக நிற்கும்.

நான்காம் படி: கேட்டல்

முதலில் தந்திகளை இடக்கையால் மெல்லத் தொட்டுக்கொண்டு, வலக்கையால் 'சக்' என்று ஒருமுறை அடியுங்கள். சுருதி இல்லாத இந்த ஓசையில் முழக்கத்தின் இயல்பு தெளிவாகக் கேட்கும். தரம் குறைந்த பெடலில் முழக்கம் துகள்துகளாகச் சிதறும், அல்லது உலோகக் குழாய்க்குள் கேட்பதுபோல் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். அடுத்து உயர்ந்த தந்தியில் ஒற்றைச் சுரத்தை மீட்டிக் கடைசி அரை நொடியைக் கவனியுங்கள்: சீராகத் தேய்கிறதா, இரைச்சலில் சட்டென்று அறுபடுகிறதா? மூன்றாவதாக ஆறு தந்திகளிலும் முழு கார்டை வாசித்து, கீழ்த்தந்திகளின் முழக்கம் குழம்பிக் கனக்கிறதா என்று பாருங்கள். குழம்பினால் டோன் குமிழால் எவ்வளவு சரிசெய்ய முடிகிறது என்பதும் ஒப்பீட்டில் சேரும்.

இவற்றுக்குப் பிறகு ஓவர்டிரைவை இயக்கி இதையே திரும்பச் செய்யுங்கள். சிதைவொலியை ஆம்ப்ளிஃபயரிலிருந்தே பெறுபவர்கள், எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்ப்ளிஃபயரில் ஒலி சிதைந்த பிறகு பெடலை இணைப்பதற்கான தனித் துளைகள்) இருந்தால் ரிவெர்பை அதில் பொருத்த வேண்டும். இல்லையென்றால் முழக்கமும் சேர்ந்து சிதைந்து, எந்தப் பெடலும் மோசமாகவே கேட்கும். கடைசியாக, கைப்பேசியில் ஒரு தாளத்தை ஓடவிட்டு அதனோடு வாசியுங்கள். தனியாக வாசிக்கும்போது அழகாக இருந்த நீண்ட ஹால் முழக்கம், தாளத்தோடு சேரும்போது அடுத்த கார்டின்மேல் படிந்து இடைஞ்சல் செய்வதை அப்போது உணர்வீர்கள்.

ஐந்தாம் படி: ஒலிக்கு வெளியே உள்ளவை

வாசிக்கும் நடுவில் பெடலை அணைத்துப் பாருங்கள். சிலவற்றில் முழக்கம் இயல்பாகத் தேய்ந்து முடியும். சிலவற்றில் அந்தக் கணமே அறுந்துவிடும். மெதுவான பாடல்களை வாசிப்பவருக்கு இது பெரிய வேறுபாடு.

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை எதிர்மின் கொண்ட அடாப்டர் தேவை. மில்லிஆம்பியர் தேவைக்கு மேல் இருந்தால் கேடில்லை, குறையக் கூடாது: ஆர்.வி.-6-க்கு 100-க்குள் போதும்; ஸ்ட்ரைமன் நிறுவனத்தின் பிக்ஸ்கை பெடலுக்கு 300 வேண்டும். வோல்ட் மாறவே கூடாது. ஒரே அடாப்டரிலிருந்து கிளைபிரித்துப் பல பெடல்களுக்குக் கொடுக்கும்போது, டிஜிட்டல் ரிவெர்ப் மெல்லிய கீச்சொலியைக் கிளப்பக்கூடும். அதைப் பெடலின் குறை என்று முடிவு செய்வதற்கு முன் தனி அடாப்டரில் இணைத்துப் பாருங்கள்.

நம் ஊர் ஈரத்துக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. பனிமூட்டக் காலத்தில் ஜாக் துளைகளும் பேட்டரி முனைகளும் துருவேறும். செருகியை லேசாக அசைத்தால் கரகரப்பு வருகிறதா என்று புதுப் பெடலிலேயே சோதித்துவிடுங்கள். வந்தால் கெடு முடியும் முன் திருப்பி அனுப்பிவிடலாம். வாங்கிய பிறகு பேட்டரியைக் கழற்றி, பெடலைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.