லென்டிவைரஸ் பிளாஸ்மிடில் கைனேஸ் ஜீன்: செல்லைக் குறை சொல்லும் முன்

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் லென்டிவைரஸ் (ஜீனைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வைரஸ்) வேலையைத் தொடங்கப்போகும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். செல்லில் கைனேஸ் (மற்ற மூலக்கூறுகளில் பாஸ்பேட்டை ஒட்டும் என்சைம்) வரவில்லை என்றதும் செல் மேல்தான் முதலில் சந்தேகம் போகும். கோளாறு அதற்கு வெகு முன்பே, அந்த ஜீனைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிடை பாக்டீரியாவில் வளர்க்கும்போதே நடந்திருக்கலாம்.

இந்தப் பிளாஸ்மிடில் நம் ஜீனுக்கு இரண்டு பக்கமும் எல்டிஆர் என்ற ஒரே மாதிரியான வரிசை இருக்கிறது. பாக்டீரியாவுக்குள் அவை இரண்டும் இணைந்து, நடுவில் உள்ள கைனேஸை வெளியே தள்ளிவிடக்கூடும். ஆம்பிசிலின் மருந்தைத் தாங்க வைக்கும் ஜீன் தப்பிவிடுவதால் காலனி என்னவோ நன்றாகத்தான் வளரும். பிளாஸ்மிட் சின்னதாகிவிட்டதால் வேகமாகவே வளரலாம். அதனால் பிளேட்டில் கொழுத்த காலனியாகப் பார்த்து எடுக்காதீர்கள், சின்னவற்றில் நாலைந்தை எடுங்கள். டிஎச்5 ஆல்ஃபா என்ற பாக்டீரியா வகையை விட ஸ்டேபிள்3 போன்ற வகை நல்லது. 37 டிகிரிக்குப் பதில் 30 டிகிரியில் வளர்த்தால் இன்னும் பாதுகாப்பு.

அந்த 30 டிகிரிதான் நம் ஊரில் சிக்கல். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. சித்திரை வெயிலில் ஈரோட்டு அறை 36 டிகிரி இருந்தால், 30 என்று செட் செய்த பெட்டிக்குள்ளும் 36-க்குக் குறையாது. உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். குளிர்விக்கும் வசதியுள்ள ஷேக்கர் இல்லையென்றால் ஏசி அறைக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, ஜீனை மட்டும் சீக்வென்சிங் செய்துவிட்டு எல்டிஆரை விட்டுவிடுவது. புதிதாக டிஎன்ஏ எடுக்கும் ஒவ்வொரு முறையும் என்சைமால் வெட்டி, ஜெல்லில் துண்டுகளின் அளவு சரிதானா என்று பாருங்கள்.

கைனேஸுக்கென்றே சில தவறுகள் உண்டு. எஸ்ஆர்சி கைனேஸின் முன் முனையில் ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டினால்தான் அது செல் சவ்வுக்குப் போகும். அடையாளத்துக்காகச் சேர்க்கும் புரதத் துண்டான டேக்கை அங்கே வைத்தால் அந்த வழி அடைபடும். டேக்கைப் பின் முனையில் வையுங்கள், ஜீன் முடிவில் புரதத்தை நிறுத்தும் ஸ்டாப் கோடானை நீக்க மறக்காதீர்கள். ஜீனின் வாலில் ஆர்என்ஏவை முடிக்கச் சொல்லும் பாலி-ஏ சிக்னலையும் சேர்த்துக் குளோன் செய்தால் வைரஸ் ஆர்என்ஏ பாதியிலேயே நின்று டைட்டர் (கிடைக்கும் வைரஸின் அளவு) விழும். அளவும் முக்கியம். வைரஸின் சொந்த ஜீனோமே சுமார் 9 கிலோபேஸ் (9,000 எழுத்து)தான், ஏடிஎம் கைனேஸின் குறியீட்டுப் பகுதி மட்டுமே 9.2 கிலோபேஸ். இதற்கு லென்டிவைரஸ் தோதுப்படாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, கைனேஸ் ஜீன் இல்லாத வெற்று வெக்டரை மட்டும் கன்ட்ரோலாக வைப்பது. பாஸ்பேட் தரும் ஏடிபியைப் பிடிக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தை மாற்றிச் செயலிழக்கச் செய்த கைனேஸும் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால், பார்க்கும் மாற்றம் கைனேஸின் வேலையாலா, அந்தப் புரதம் அளவுக்கு மீறி இருப்பதாலா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. வைரஸை அள்ளி ஊற்றினாலும் இதே குழப்பம்தான். செல்லுக்கு 0.3 வைரஸ் என்ற கணக்கில் விட்டால், தொற்றிய செல்களில் பெரும்பாலானவற்றில் ஒரே பிரதிதான் இருக்கும்.

பல கைனேஸ்கள் புற்றுநோயைத் தூண்டக்கூடியவை, இந்த வைரஸ் மனித செல்லிலும் நுழையும். நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதி கொடுத்த பிறகு, இரண்டாம் நிலைப் பாதுகாப்பு அறையில் மட்டும் செய்யுங்கள். ஊசியைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.