ஒரே நகரத்தில் இரண்டு ஆட்டம்: குற்ற உலக கேம்களில் கதையையும் ஆன்லைனையும் எப்படிப் பிரித்து வைப்பது

திறந்த உலகக் குற்ற கேம் ஒன்றைக் கட்ட உட்காரும் எந்தக் குழுவுக்கும் முதல் வாரத்திலேயே ஓர் ஆசை வரும். கதைக்காக இவ்வளவு பெரிய நகரத்தைக் கட்டுகிறோம், அதையே ஆன்லைனுக்கும் திறந்துவிட்டால் என்ன? தெரு, கார், துப்பாக்கி, போலீஸ் எல்லாம்தான் தயாராக இருக்கிறதே.

நகரத்தைப் பகிரலாம். நேரம், பணம், சாவு இந்த மூன்றையும் பகிர முடியாது. நிரல் (code) எழுத ஆரம்பிக்கும் முன்பே இந்த மூன்றையும் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யுங்கள். தள்ளிப் போட்டால் கடைசி ஆறு மாதத்தில் கதையை வெட்ட வேண்டிவரும், இல்லையென்றால் ஆன்லைனுக்கு ஒட்டுப்போட வேண்டிவரும்.

முதலில் எந்த வடிவம்?

எல்லாரும் ராக்ஸ்டார் நிறுவனத்தின் ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5) மாதிரி, ஜிடிஏ ஆன்லைன் என்ற அதன் தனி ஆன்லைன் உலகத்தைத்தான் கனவு காண்கிறார்கள். பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360-இல் ஒரு செஷனில் 16 பேர், அடுத்த தலைமுறை கருவிகளிலும் பிசியிலும் 30 பேர். அதற்குப் பின்னால் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

சின்னக் குழுவுக்கு வேறு இரண்டு வழி உண்டு. ஒன்று, செயின்ட்ஸ் ரோ 2 (2008) செய்தது: முழுக் கதையையும் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், நண்பர் நடுவில் வரலாம், போகலாம். இன்னொன்று, வாட்ச் டாக்ஸ் (2014) செய்தது: நீங்கள் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது வேறொரு பிளேயர் சாதாரண வழிப்போக்கன் உருவத்தில் உங்கள் நகரத்துக்குள் நுழைவார், உங்கள் போனை ஹேக் செய்வார், நேரம் முடிவதற்குள் கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். தனியாட்டத்தின் பதற்றத்தை ஆன்லைன் கூட்டிக்கொடுத்த அபூர்வமான இடம் அது. ஆனால் அங்கேயே ஒரு தப்பும் இருந்தது. இந்த ஊடுருவலை செட்டிங்ஸில் அணைத்தால், ஆன்லைனில் சேர்த்த புள்ளிகளும் அவற்றால் கிடைத்த திறன்களும் பறிபோகும். தனியாக இருக்க விரும்புகிறவருக்கு அபராதம் போடக் கூடாது. நுழைவை மிஷன் நடுவில் தடுங்கள். அணைக்கும் பொத்தானை இலவசமாகக் கொடுங்கள்.

மூன்றாவது வழி, ஆன்லைனே வேண்டாம் என்பது. மாஃபியா 2-லும் ஸ்லீப்பிங் டாக்ஸிலும் மல்டிபிளேயர் இல்லை. அதனால் யாரும் அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. நேர் எதிராக, ஆன்லைனை மட்டுமே நம்பிய ஏபிபி என்ற கேம் 2010 ஜூனில் வந்து அதே செப்டம்பரில் மூடப்பட்டது. பிறகு வேறு கைக்குப் போய்த்தான் உயிர் பெற்றது.

கீழே சொல்வதெல்லாம், இவ்வளவுக்குப் பிறகும் தனி ஆன்லைன் உலகம் வேண்டும் என்பவர்களுக்கு.

நேரத்தை நிறுத்தும் விஷயங்கள்

ஒரு ஷீட் திறந்து, கதையில் நேரத்தை நிறுத்துகிற, மெதுவாக்குகிற, தாவவைக்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள். ஜிடிஏ 5-ஐ எடுத்தால் பட்டியல் இப்படி வரும்: பாஸ் மெனு, ஆயுதச் சக்கரத்தைத் திறந்தால் மெதுவாகும் உலகம், மூன்று நாயகர்களில் மைக்கேல், ஃபிராங்க்ளின் இருவரின் ஸ்லோமோஷன் திறன்கள், தூக்கம் (மைக்கேல் தூங்கினால் 6 மணி நேரம் ஓடும், ஃபிராங்க்ளின் 8, டிரெவர் 12), தோற்றால் செக்பாயின்டிலிருந்து திரும்ப ஆடுவது, மூன்று முறை தோற்றால் அந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லும் வசதி.

ஆன்லைனில் இதில் ஒன்றும் அப்படியே செல்லாது. அங்கே எல்லாருக்கும் ஒரே கடிகாரம். 48 நிமிடத்தில் ஒரு நாள், யார் தூங்கினாலும் அது நிற்காது. ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் ஆன்லைன் மாற்று ஒன்றை எழுதுங்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 குற்ற நகர கேம் இல்லை என்றாலும் நல்ல பாடம் அதில் இருக்கிறது. கதையில் டெட் ஐ என்ற குறிபார்க்கும் திறன் உலகத்தை மெதுவாக்கும். ஆன்லைனில் அதே பொத்தான் நேரத்தைத் தொடாமல், நீங்கள் தேர்ந்தெடுத்த திறன் கார்டைப் பொறுத்துக் காயம் ஆற்றும், சேதத்தைக் கூட்டும். விரல் பழக்கம் அதேதான், வேலை வேறு.

டெக்னிக்கலாக ஒரு எச்சரிக்கை: உலக வேகத்தை ஒரே குளோபல் வேரியபிளில் (நிரல் முழுவதற்கும் பொதுவான மாறியில்) வைத்து எல்லாச் சிஸ்டமும் அதையே படிக்கும்படி எழுதாதீர்கள். பிறகு ஆன்லைனுக்காக அதை 1-இல் பூட்டினால், ஸ்லோமோஷனை நம்பி எழுதிய அனிமேஷனும் கூல்டவுன் டைமரும் (திறனை மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம்) சேர்ந்து குழம்பும். கேம் நேரம், நிஜ நேரம் என இரண்டு கடிகாரம் வைத்து, ஒவ்வொரு டைமரும் எதைப் படிக்கிறது என்று முதலிலிருந்தே குறித்துவையுங்கள். இரவில்தான் நடக்க வேண்டிய மிஷனா? அதைத் தனி இன்ஸ்டன்ஸாக்கி (ஆடுபவர்களுக்கு மட்டுமான தனி உலக நகலாக்கி), அதற்குச் சொந்தக் கடிகாரம் கொடுங்கள்.

யார் சாகலாம்?

கதையில் மரணத்துக்கு எடை உண்டு. ஆன்லைனில் செத்தவர் சில வினாடியில் அடுத்த தெருவில் நிற்பார். இரண்டையும் ஒரே கதாபாத்திரங்களை வைத்து நடத்தினால் கதையின் எடை போய்விடும்.

பழகிய தந்திரம், ஆன்லைனைக் கதைக்கு முந்தைய காலத்தில் வைப்பது. ஜிடிஏ ஆன்லைன் அப்படித்தான் தொடங்கியது. ரெட் டெட் ஆன்லைன் 1898-இல் நடக்கிறது, கதை 1899-இல். ஆனால் பத்து வருடம் அப்டேட் போட நினைத்தால் முந்தைய காலம் போதாது. ஒரு நாள் கதையைத் தாண்டி வரத்தான் வேண்டும். அந்த நாளுக்காக மூன்று பத்திப் பட்டியல் தயாராக இருக்கட்டும்: கதையில் நிச்சயம் சாகிறவர், பிளேயரின் முடிவைப் பொறுத்துச் சாகக்கூடியவர், எந்த முடிவிலும் உயிரோடு இருப்பவர். முந்தைய காலத்தைத் தாண்டியதும் ஆன்லைன் எழுத்தாளர்கள் மூன்றாம் பத்தியைத் தவிர எதையும் தொடக் கூடாது. 2021 டிசம்பரில் வந்த தி கான்ட்ராக்ட் அப்டேட்டில் ஃபிராங்க்ளின் திரும்பி வந்தார். ஜிடிஏ 5-இன் மூன்று முடிவுகளில் ஒன்றில் டிரெவர் சாவார், இன்னொன்றில் மைக்கேல் சாவார். ஃபிராங்க்ளின் மூன்றிலும் பிழைப்பார். யாருடைய சேவ் ஃபைலையும் பொய்யாக்காமல் திரும்பி வரக்கூடிய ஆள் அவர்.

வசனத்திலும் கணக்கு மாறும். கதையில் கார் ஓட்டிப் போகும் நாலு நிமிடம்தான் பாத்திரங்கள் மனம் திறக்கும் இடம். ஆன்லைனில் அந்த நாலு நிமிடம் நண்பர்கள் மைக்கில் கத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு வரிகூடக் காதில் விழாது. மிஷனுக்குத் தேவையான தகவலைப் பேச்சில் வைக்காமல், திரையில் பத்து சொல்லுக்குள் எழுதுங்கள். கட்சீன் ஒரு நிமிடம் தாண்ட வேண்டாம், வாக்களித்துத் தாண்டும் வசதியும் இருக்கட்டும்.

பணம்

பெரும்பாலான கேம்கள் சறுக்குவது இங்கேதான்.

கதையில் பணம் கடைசியில் அர்த்தமிழந்தாலும் பரவாயில்லை. ஜிடிஏ 5-இல் கடைசிக் கொள்ளைக்குப் பிறகு லெஸ்டர் என்ற பாத்திரம் கொடுக்கும் கொலை மிஷன்களை வைத்துப் பங்குச் சந்தையில் ஒவ்வொருவரும் கோடி கோடியாகச் சேர்க்கலாம். வாங்க எதுவும் மிஞ்சாது, கதையும் முடிந்திருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆன்லைனில் பணமே ஆட்டம். அங்கே விலையை டாலரில் யோசிக்காமல் நிமிடத்தில் யோசியுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு மிஷனுக்கு 20,000 கிடைக்கிறது, ஆட 12 நிமிடம். மணிக்கு 1,00,000 என்று டிசைனர் எழுதிவிடுவார். உண்மையில் லாபியில் ஆள் சேரவும் லோடிங்குக்கும் 6 நிமிடம் போகும். மூன்றில் ஒரு முயற்சி தோற்கிறது, ஒரு தோல்வி 8 நிமிடம் தின்கிறது என்றால், ஒவ்வொரு வெற்றிக்கும் சராசரியாக இன்னொரு 4 நிமிடம். மொத்தம் 22 நிமிடம். மணிக்கு ஏறக்குறைய 54,500. பத்து மணி நேர உழைப்பு என்று நினைத்து 10 லட்சம் விலை போட்ட கார், பிளேயருக்கு 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். காசு கொடுத்து கேம் பணம் வாங்கும் வசதியும் பக்கத்திலேயே இருந்தால், இந்தப் பிழையை யாரும் பிழையென்று நம்ப மாட்டார்கள். பேராசை என்றுதான் சொல்வார்கள்.

ரெட் டெட் ஆன்லைனின் பீட்டா (சோதனைப் பதிப்பு) 2018 நவம்பர் 27 அன்று வந்தபோது இதுதான் நடந்தது. தங்க மோதிரத்தை விற்றால் ஒரு டின் பீன்ஸ் வாங்க முடியவில்லை என்று ஊரே சிரித்தது. சில நாளில் ராக்ஸ்டார் ஆயுத விலைகளைக் குறைத்து, மிஷன் வருமானத்தைக் கூட்டி, பீட்டா ஆடியவர்களுக்கு 250 டாலரும் 15 தங்கக் கட்டியும் கொடுத்தது.

தொடக்கத்துக்கு இப்படி வையுங்கள்: முதல் சொந்த கார் 40 நிமிடத்துக்குள், முதல் வீடு நாலைந்து மணி நேரத்தில், மிக விலையுயர்ந்த பொருள் 40 மணி நேரத்துக்குள். வெளியிட்ட பிறகு விலையைக் குறைப்பது எளிது, ஏற்றினால் கலவரம். சம்பளத்துக்கு இது அப்படியே தலைகீழ்.

கதைப் பணத்தை ஆன்லைனுக்குக் கடத்தும் வழியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். கதை சேவ் பிளேயரின் கணினியில் இருக்கிறது. அதைத் திருத்த ஒரு மாலைப் பொழுது போதும். சட்டை, தலைமுடி, கார் நிறம் போன்ற அலங்காரம் மட்டும் போகட்டும். எதிர்த் திசையில் தாராளமாக இருங்கள். ஆன்லைனில் சேர்த்த கார்களில் நிறைய கதைப் பக்கம் வரவே இல்லை என்பது ஜிடிஏ 5 ஆடியவர்களின் நியாயமான மனக்குறை.

இன்னொரு பொறி பாசாக். ஜிடிஏ 5 கதையில் இரண்டு பங்குச் சந்தைகள் உண்டு: எல்சிஎன் கேமுக்குள்ளேயே ஓடும், பாசாக் சர்வரை நம்பி ஓடும். லெஸ்டரின் ஐந்து மிஷன்களால் விலை மாறும் பங்குகளில் பெட்டா, ஃப்ரூட், வேப்பிட் ஆகிய மூன்று பங்குகளும் பாசாக்கில் இருக்கின்றன. சர்வர் விழுந்த நேரத்தில் மிஷனை முடித்தவர் வாய்ப்பை இழந்தார், மிஷனோ ஒரே முறைதான் வரும். கதைக்குள் சர்வரை நம்பும் எதையாவது வைத்தே தீர வேண்டுமென்றால், இணைப்பு இல்லாதபோது ஓட ஒரு உள்ளூர் விலைப் பட்டியலையும் சேர்த்து வையுங்கள்.

கடைப் பட்டியல் வீங்குவதையும் கவனியுங்கள். ஜிடிஏ ஆன்லைன் பிசியில் லோட் ஆகப் பல நிமிடம் எடுத்த காரணத்தை 2021-இல் வெளியாள் ஒருவர் கண்டுபிடித்தார். வாங்கக்கூடிய பொருள்களின் 10 எம்பி ஜேசன் (JSON, தரவை எழுத்தாக வைக்கும் வடிவம்) ஃபைல், சுமார் 63,000 பதிவுகள். ஒவ்வொரு மதிப்பைப் படிக்கும்போதும் மிச்ச ஃபைலின் நீளம் முழுவதும் மறுபடி எண்ணப்பட்டது. போதாததற்கு, ஒவ்வொரு பொருளும் ஏற்கெனவே இருக்கிறதா என்று முழுப் பட்டியலோடும் ஒப்பிடப்பட்டது. அவர் செய்த திருத்தம் லோடிங்கை ஏறக்குறைய 70% குறைத்தது. ராக்ஸ்டார் ஏற்றுக்கொண்டு 10,000 டாலர் கொடுத்தது. வெளியீட்டு நாளில் பட்டியல் சிறிதாக இருக்கும்போது இந்தத் தவறு கண்ணில் படாது. ஐந்து வருடம் கழித்து எத்தனை பொருள் இருக்கும் என்று மதிப்பிட்டு, அந்த அளவு போலிப் பட்டியலை நிரப்பி இன்றே லோடிங் நேரத்தை அளந்துவிடுங்கள்.

தனியாக வருபவர்

கதை பிடித்து உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் ஆன்லைனுக்கும் தனியாகத்தான் வருவார்கள். 2015 மார்ச்சில் ஜிடிஏ ஆன்லைனுக்கு வந்த முதல் ஹைஸ்ட்களில் (கூட்டுக் கொள்ளை மிஷன்களில்) ஃப்ளீக்கா என்ற ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு நாலு பேர் கட்டாயம். ஒருவர் கிளம்பினால் எல்லாருக்கும் போச்சு. தனியாளாக முழுக் கொள்ளையை முடிக்கும் வசதி 2020 டிசம்பரில் கேயோ பெரிகோ ஹைஸ்டோடுதான் வந்தது. குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையை முதலிலேயே 1 என்று வைத்து, ஆள் கூடக் கூட வேகமும் பங்கும் கூடும்படி அமையுங்கள்.

பொது லாபியில் சரக்கு விற்கக் கட்டாயப்படுத்துவதும் இதே ரகம். மணிக்கணக்கில் சேர்த்த சரக்கை ஆப்ரெசர் மார்க் 2 என்ற பறக்கும் பைக்கில் வரும் ஒருவர் ஒரு ஏவுகணையில் அழித்துவிடுவார். 2022 ஜூலை அப்டேட்டில்தான் தனி செஷனிலும் தொழில் நடத்த அனுமதி வந்தது, அந்த பைக்கின் ஏவுகணைக் குறியும் மட்டுப்படுத்தப்பட்டது. தனி செஷனில் முழுச் சம்பளம், பொது செஷனில் அதன் மேல் போனஸ்: முதல் நாளிலிருந்தே இப்படி வையுங்கள். ஆபத்தை விரும்புகிறவர் தானாக வருவார்.

வெளியீடும் மூடலும்

ஜிடிஏ 5 வந்தது 2013 செப்டம்பர் 17, ஆன்லைன் திறந்தது அக்டோபர் 1. இரண்டு வார இடைவெளி விட்டும் சர்வர் தாங்கவில்லை. பலர் முதல் பயிற்சிப் பந்தயத்தைத் தாண்டவே முடியாமல் நின்றார்கள், சிலரின் கேரக்டரே காணாமல் போனது. ஈடாக 5 லட்சம் கேம் டாலர் கொடுக்கப்பட்டது. குறைந்தது நாலு வார இடைவெளி விடுங்கள். கட்டாயப் பயிற்சி எதுவும் பிற பிளேயர்களுக்காகக் காத்திருக்கக் கூடாது.

கதை விரிவாக்கத்தைச் செய்யும் ஆட்களை ஆன்லைன் குழுவிலிருந்து பிரித்து வையுங்கள். ஒரே குழுவாக இருந்தால் வருமானம் வரும் பக்கம் எல்லாரையும் இழுத்துக்கொள்ளும். ஜிடிஏ 4-க்கு 2009-இல் இரண்டு முழு அத்தியாயங்கள் வந்தன. ஜிடிஏ 5-க்கு அறிவிக்கப்பட்ட கதை விரிவாக்கம் வரவே இல்லை.

ஏமாற்றைத் தடுக்கும் மென்பொருள் ஆன்லைனுக்கு மட்டும் ஓடட்டும். 2024 செப்டம்பரில் பிசியில் பேட்டில்ஐ என்ற அப்படியொரு மென்பொருள் சேர்ந்தபோது ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் ஜிடிஏ ஆன்லைன் நின்றுபோனது. கதைக்கு அதை அணைத்துவிடலாம் என்பதால் கதை தப்பித்தது. பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 சர்வர்கள் 2021 டிசம்பர் 16 அன்று மூடப்பட்ட பிறகும் அந்த டிஸ்க்கில் கதை ஓடுகிறது.

உங்கள் கேமில் இதை உறுதிப்படுத்த, ஒவ்வொரு பெரிய பில்டிலும் (கேமின் சோதனைப் பதிப்பிலும்) ஒருவர் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, புது சேவில் டைட்டில் திரையிலிருந்து இறுதிப் பெயர்ப் பட்டியல் வரை ஆடட்டும். எங்கெல்லாம் சுழலும் வட்டம் வருகிறதோ, எந்தக் கடை காலியாகத் திறக்கிறதோ, எந்த மெனு உள்நுழையச் சொல்கிறதோ, அவற்றை ஸ்கிரீன்ஷாட்டோடு பக் பட்டியலில் ஏற்றுங்கள். இதே சோதனையை, மிஷனின் நடுவில் கேபிளைப் பிடுங்கியும் ஒருமுறை செய்ய வேண்டும். சேவ் கெடுவது பெரும்பாலும் அப்போதுதான்.