டேஷ்போர்டு விளக்கை அணைத்தால் கோளாறு போய்விடுமா?

போன கத்திரி வெயிலில் ஆம்பூரிலிருந்து வேலூர் வந்துகொண்டிருந்தேன். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டியதும் டேஷ்போர்டில் பேட்டரி படம் சிவப்பாக எரிந்தது. வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதித்தேன். கொஞ்ச தூரத்திலேயே ஏசியில் அனல் காற்று, டெம்பரேச்சர் முள் சரசரவென்று மேலே. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால், பெல்ட் நார்நாராகக் கிழிந்து கிடந்தது.

பேட்டரி விளக்கு எரிந்தாலே புது பேட்டரி வாங்க ஓடுகிறவர்கள் அதிகம். அந்த விளக்கு சொல்வது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்பதைத்தான். சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பழுதாகியிருக்கலாம், பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அது போனால் எஞ்சினும் சூடேறிவிடும்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது அடுத்த தவறு. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். அப்புறம் போர் தண்ணீரை ஊற்றுவது. நம் பக்கத்துத் தண்ணீர் குடத்திலேயே வெள்ளையாகப் படிகிறது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை விட்டுவைக்குமா? கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றுவதுதான் வழக்கம். அவசரத்துக்குப் போர் தண்ணீரை ஊற்றிவிட்டால், ஊர் வந்ததும் வடித்து மாற்றிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் ஆபத்தானது எண்ணெய்க் குவளை மாதிரி இருக்கும் சிவப்பு விளக்குதான். அது காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருந்தாலும் பம்ப் கெட்டால் எரியும். 'அடுத்த பங்க் வரைக்கும்' என்ற பேச்சே கூடாது. உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். எண்ணெய் இல்லாமல் உரசும் பேரிங்குக்குச் சில நிமிடங்கள் போதும், எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும்.

செக் எஞ்சின் விளக்கு மஞ்சள். நிதானமாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப்போய் ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாம். விட்டுவிட்டு மின்னினால் எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது உள்ளே பெட்ரோல் சரியாக எரியவில்லை, ஓரமாக நிறுத்திவிடுவது நல்லது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும், விலை அதிகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். சில மெக்கானிக்குகள் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்துக் கொடுப்பார்கள். கோளாறு போகாது, அது என்னவென்று ஸ்கேனரில் சொல்லும் குறியீடுதான் (எரர் கோட்) அழியும்.

பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். மேலே ஊற்றி நிரப்புவதோடு விடாதீர்கள். பிரேக் பேட் தேயத் தேய ஆயில் இறங்கும், இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்கள் உண்டு. முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, பழைய பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

சாவியை ஆன் செய்ததும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிய வேண்டும். எரியாத விளக்கும் கோளாறுதான். நண்பருக்காகக் காட்பாடியில் ஒரு பழைய கார் பார்க்கப் போயிருந்தோம். செக் எஞ்சின் மட்டும் எரியவே இல்லை, மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன். "இந்த மாடல்ல அந்த லைட்டே கிடையாது சார்" என்றார் விற்பவர். எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.