நீண்ட விமானப் பயணம்: தண்ணீர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுலாக் குழுக்களோடு கண்டம் விட்டுக் கண்டம் பறப்பது என் வேலை. முதல்முறை வருகிறவர்கள் தடவைக்குத் தடவை அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். அதில் பாதி நானும் ஒரு காலத்தில் செய்தவைதான். தளர்வான உடை, சீக்கிரம் கிளம்புவது போன்றவை எல்லோருக்கும் தெரியும்; அதை விட்டுவிடுகிறேன்.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரை மறுப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குவார்கள். பக்கத்தில் இரண்டு பேர் தூங்குவார்கள், எழுப்பச் சங்கடம். சரி, தண்ணீரே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். என் குழுவில் வந்த ஒரு அம்மா, பணிப்பெண் கொடுத்த தண்ணீர் கப்புகளை மூடிகூடப் பிரிக்காமல் முன்னிருக்கைப் பையில் செருகி வைத்திருந்தார். கேட்டதற்கு, "அப்புறம் எழுந்து எழுந்து போகணுமேப்பா" என்றார். இறங்கும்போது தலை வெடிக்கிற வலி, வாயெல்லாம் வறண்டு பேச்சு வரவில்லை. வீங்கிய காலில் ஷூ ஏறவில்லை. காசு கட்டிய முதல் நாள் சுற்றல் முழுக்க ஓட்டல் படுக்கையில் போனது.

விமானத்துக்குள் வருவது அந்த உயரத்தின் குளிர்ந்த, ஈரமே இல்லாத காற்று. உள்ளே ஈரப்பதம் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம்தான். மூக்கும் வாயும் கண்ணும் முதலில் காயும். ஆனால் அந்தக் கால் வீக்கம் காற்றால் வந்ததல்ல, மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்ததால் வந்தது. 4 மணி நேரத்தைத் தாண்டிய பயணங்களில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயமும் கூடுகிறது. ஆக, எழுந்து போக வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்கிற அந்த நடைதான் காலுக்கு மருந்து.

நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள். 100 மில்லிக்கு மேல் திரவம் கொண்டுபோக பல விமான நிலையங்களில் தடை உண்டு. காலி பாட்டிலுக்குத் தடை இல்லை. சோதனை முடிந்ததும் நிரப்பிக்கொள்ளலாம். ஒரே மூச்சில் ஒரு லிட்டரைக் கவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் சொன்ன அளவுதான் கணக்கு.

தூக்கத்துக்கு மது

உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே கொஞ்சம் குறைவு. மது குடித்துத் தூங்கினால் அது இன்னும் இறங்கும், தூக்கமும் பாதியில் கலையும். காபியைக் கண்டு அவ்வளவு பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு கப்பால் உடம்பு வற்றிவிடாது.

சோடா

அழுத்தம் குறைந்தால் வயிற்று வாயு விரியும். வேண்டாம்.

கான்டாக்ட் லென்ஸ்

கழற்றிவிட்டுத் தூங்குங்கள்.

இறங்கும் நேரத்தில் தூங்குவது

இறங்கும்போது காது அடைக்கும். விழுங்கும்போது காதின் உட்குழாய் திறக்கும்; தூக்கத்தில் விழுங்குவது குறைவு. விமானம் இறங்கத் தொடங்கியதுமே எழுப்பிவிடச் சொல்லுங்கள், பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை மிடறு மிடறாகக் குடியுங்கள். காது அடைத்த பிறகு முயன்றால் திறப்பது கஷ்டம்.