வெங்கச்சங்கல்லா, சுண்ணாம்புக்கல்லா?

மகள் ஆற்றில் பொறுக்கி வரும் வெள்ளைக் கற்களைப் பிரிக்க எனக்கு ஒரு பழைய பேனாக்கத்தியும் அரை எலுமிச்சையும் போதும். கத்திமுனையால் அழுத்திக் கீறுங்கள். மாவு உதிர்ந்தால் கால்சைட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லின் கனிமமாக, இருக்கலாம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 3, கத்தி சுமார் 5.5. வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) 7, கீறல் விழாது. கத்தியின் இரும்புதான் அதன்மேல் சாம்பல் கோடாக ஒட்டும். அதைக் கீறல் என்று நம்பி நான் ஏமாந்திருக்கிறேன்.

அப்புறம், உதிர்ந்த மாவில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு வகைதான். வருவது கரியமில வாயு. மார்பிள் தரையில் எலுமிச்சை சிந்தினால் பளபளப்பு போவதும் இதனால்தான்.

கீறல் விழாத கற்கள் இரண்டை இருட்டில் பலமாக உரசுங்கள். உள்ளே மங்கலாக ஒளிரும். மகளுக்கு இது மட்டும்தான் வேண்டும்.